நிறம்: ஏ நான்கு

எலும்பு வெள்ளை என்று சொன்னவர் யாரோ
எலும்பைப் பார்த்ததே இல்லை.
பகலில் நான் பல் செய்கிறேன்,
கிரிம்ஸ்பியில், மீன் கிடங்குக்குப் பின்புறம்.
ஜன்னல் திறந்தால் ஐஸும் காட் மீனும்.
பல்லுக்குப் பதினாறு நிறம் எங்களிடம்.
ஏ ஒன்று, சிரிப்பதற்கென்றே பணம் கட்டியவர்களுக்கு.
ஏ நான்கு என்றால்
தேநீர், புகை, அறுபது வருடம்.
வருகிறவர்கள் எல்லாரும் கேட்பது ஏ ஒன்றை.

இரவில் வேலை தலைகீழ்.
சமையல் மேசையில் நாற்பது எலும்புக்கூடுகள்,
கட்டைவிரலின் பாதி உயரம்,
பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து கிள்ளியெடுத்தவை.
பிறந்து ஒரு நாளான இவர்களுக்கு
எண்ணூறு வயது ஏற்ற வேண்டும்,
வியாழக்கிழமைக்குள்.

முதலில் கறுப்பு.
பிறகு தலைக்கு மேலிருந்து மட்டும் தந்த நிறம்,
தூறல் விழுகிற சாய்வில்.
பிறகு பழுப்பு மை, தண்ணீராய்க் கரைத்து.
அதை நான் பூசுவதில்லை, விட்டுவிடுகிறேன்.
விலா இடுக்கு, கண்குழி, தாடையின் மடிப்பு,
போகவேண்டிய இடம் அதற்குத் தெரியும்.
காயும்வரை தொடக்கூடாது.
தொடுவேன்.
ஒருவன் மண்டையில் என் ரேகை பதிந்துவிட்டது,
அதன்மேல் பாசி வைத்து மூடினேன்.

வாளுக்குத் துரு: கிழித்த ஸ்பஞ்சால்
ஆரஞ்சை ஒற்றி, ஒற்றி.
கேடயத்து வெண்கலத்தில் களிம்பு.
இதற்கெல்லாம் பாடம் வேண்டாம்,
துறைமுகத்துச் சங்கிலியைப் போய்ப் பார்த்தால் போதும்.
காலடி மண்ணுக்குப் பசையும்
பிழிந்து காயவைத்த தேயிலையும்.
ஒரு வாரமாக வீட்டில் இரண்டு டப்பா,
ஒன்று குடிக்க, ஒன்று புதைக்க.
மாறிப்போனதும் உண்டு.

பட்டறை அலமாரியில் ஒரு நீலப் பெட்டி.
மேல்வரிசைப் பல்செட், ஏ நான்கு,
கிளிஃபர்ட் பிளாஞ்சர்ட், முன்னாள் இழுவலைப் படகுக்காரர்.
என் பல் எப்படி இருந்ததோ
அப்படியே வேண்டும் என்று கேட்ட ஒரே ஆள்.
வலது கடைவாயில் ஓர் அடைப்பும் வேண்டுமாம்.
பொய்ப்பல்லுக்குப் பொய் அடைப்பு.
சிரிக்காமல் செய்தேன்.
பதினோரு வாரம் எடுக்க வரவில்லை.
பன்னிரண்டாம் வாரம் மகள் கூப்பிட்டாள்.
இனி வேண்டாம் என்றாள்,
பாக்கி எவ்வளவு என்றும் கேட்டாள்.
பல்லுப்போனால் சொல்லுப்போச்சு என்பார்கள்.
பல் இங்கேதான் இருக்கிறது,
பஞ்சுக்குள், ஈரம் காயாத மாதிரி மினுங்கிக்கொண்டு.

முப்பத்தேழாவது எலும்புக்கூட்டுக்கு வாய் திறந்திருந்தது.
பட்டறைச் சாயத்தை ஊசி முனையில் கொண்டுவந்து
ஒவ்வொரு பல்லாக வைத்தேன்.
வலது கடைவாயில் ஓர் ஈயப் புள்ளி.
மணி இரண்டாகியிருந்தது.
பெயர் எழுதவில்லை, அடியில் 37 மட்டும்.

வியாழன், கிளீதார்ப்ஸ், தேவாலயக் கூடம்.
நெவில் ஸ்டட்டின் குதிரைவீரர்கள்
இப்போதுதான் சலவையிலிருந்து வந்த நீலத்தில்.
குனிந்து பார்த்தார்.
"உன் ஆட்கள் கழுவாத கோப்பை மாதிரி இருக்கிறார்கள்."
இதுவரை எனக்குக் கிடைத்த பாராட்டில் இதுதான் பெரியது.

இரண்டாம் சுற்றிலேயே இடப்பக்கம் சரிந்தது.
பன்னிரண்டு பேர், முப்பத்தேழும் சேர்த்து.
விழுந்தவனை மந்திரவாதி எழுப்பலாம்,
நான்கோ அதற்கு மேலோ விழுந்தால்.
பதினோரு பகடையை இரு கையாலும் அள்ளி உருட்டினேன்.
ஒன்றை மட்டும் பிறகு.
"அது ஏன் தனியாக?"
விரலில் ஒட்டிக்கொண்டது என்றேன்.

மூன்று.

நெவில் பகடையைப் பார்த்தார், பொம்மையை எடுத்தார்,
மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
அதன் வாய்க்குள் பார்த்தார். நெடுநேரம்.
"மேசை இந்தப் பக்கம் சாய்வு. திரும்பப் போடு."
மேசை நேராகத்தான் இருந்தது.

முப்பத்தேழை வாங்கிப் பஞ்சுப் பெட்டியில்
மல்லாக்கப் படுக்கவைத்தேன்.
உங்கள் முறை, என்றேன்.